வண்டி எடுக்கும் முன்

பெருமாநல்லூர்
18-8-2025

அன்புள்ள வினி அக்காவுக்கு,

அனு எழுதுவது. வேலூர் வெயிலில் பரேடு எப்படிப் போகிறது? காலில் வந்த கொப்புளம் ஆறியதா? இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். என்னைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் உன் கைக்குப் போன் வருகிறது. அந்த நேரத்தில் இங்கே அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுகிறார். இதை நடு வீட்டில் சொல்ல முடியாது அக்கா. அதனால் எல்லோரும் தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் பதிலை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. கீழே இருப்பது என் வகுப்புத் தோழி அபிராமியின் விலாசம்.

ஒன்பதாம் வகுப்பில் ஆஸ்பத்திரியும் வீடுமாக எனக்கு ஒரு வருடம் போனது உனக்குத் தெரியும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பதினெட்டு ஆகிவிட்டது. பிறந்த நாளன்று அப்பா ஸ்கூட்டர் வாங்கி வந்து சாவியைக் கையில் கொடுத்தார். "இனி நீதான் கண்ணு அம்மாவ யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வரோணும்" என்றார். அவர் விடியும் முன்பே சரக்கு வண்டியில் போய்விடுகிறார். பனியன் யூனிட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்று நின்று அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. நான் மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை எல்லோரும் பராக்கு என்றுதானே கூப்பிடுகிறீர்கள். பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே போய்விடுவேன், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கோவை டாக்டர் அதற்கும் ஒரு பெயர் சொன்னார், கவனக் குறைபாடு, பயிற்சி இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது என்றார். அப்பா, "பராக்குக்கெல்லாமா மாத்தர?" என்று எழுந்து வந்துவிட்டார். நேற்று மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். கொடியில் காயப்போட்டிருந்த சாயத் துணிகளில் ஒரு மஞ்சள் இருந்தது, அப்படி ஒரு மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. அடுத்த நொடி நானும் ஸ்கூட்டரும் கட்டிங் வேஸ்ட் குவியலுக்குள் கிடந்தோம். துணிக் குவியல் என்பதால் சிரித்துவிட்டுப் போனார்கள். அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால்?

இன்னொன்றும் இருக்கிறது. என் இன்சுலின் இப்போதும் பிரிட்ஜில் காப்பித்தூள் டப்பாவுக்குள்தான் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் என்று உன்னையும் பெரியம்மாவையும் தவிர உறவில் யாருக்கும் தெரியாது. லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்ட கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் நோய்களைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் எங்களைக் கேட்காமலே ‘இல்லை’ என்று தட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நீயும் ஜீப் ஓட்டக் கற்கிறாயாமே. என்னைப் போன்றவள் வண்டி ஓட்டலாமா? உள்ளதைச் சொல். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்.

உன் தங்கை,
அனுப்ரியா


வேலூர்
2-9-2025

அன்புத் தங்கை அனுவுக்கு,

கொப்புளம் ஆறிவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது காலணி மாதிரித் தோல் கெட்டியாகிவிட்டது. சித்தியின் கால் வீக்கத்துக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொல்.

உன்னை நான் கேலி செய்ய முடியாது. ஜீப்பில் ஏறிய முதல் நாளே ரிவர்ஸ் கியரைப் போட்டு, அணிவகுத்து நின்ற ஒரு பிளாட்டூனையே சிதறடித்தேன். அன்றிலிருந்து இங்கே என் பெயர் ‘கலவரம்’.

எங்களுக்கு வண்டி கற்றுத்தரும் ஏட்டையா ஒரு வழி சொன்னார். கண் பார்ப்பதை வாய் சொல்ல வேண்டுமாம். "முன்னால் லாரி. வலது பக்கம் சைக்கிள். இண்டிகேட்டர் போட்டேன்." இப்படிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினால் மனசு வேறு எங்கும் ஓடாது. செய்து பார். போனைப் பையின் அடியில் வை. நெரிசல் இல்லாத ஒரே வழியில் பழகு. தூக்கம் கெட்ட நாளில் சாவியைத் தொடாதே. உன்னைப் போன்றவர்கள் ஓட்டுகிறார்கள் அனு, பழகி ஓட்டுகிறார்கள். அந்த டாக்டரிடம் மறுபடி போக வேண்டும் என்று அடம் பிடி.

இரண்டாவது கேள்வி. மறைக்காமல் பதில் சொல். வண்டி எடுக்கும் முன் சர்க்கரை அளவு பார்க்கிறாயா? ஓட்டும்போது கை நடுங்கியதா, வியர்த்ததா?

சத்தியம்தானே? செய்தாயிற்று. என் காக்கித் தொப்பி மேல்.

அன்புடன்,
வினிதா


பெருமாநல்லூர்
21-9-2025

அன்புள்ள கலவரம் அக்காவுக்கு,

இங்கே மழை இல்லை, மற்றபடி எல்லாம் நலம். அங்கே சாப்பாடு பரவாயில்லையா?

உன் கடிதத்தைப் பார்த்து அபிராமியின் அம்மா சீனியம்மாள் பயந்துவிட்டார்கள். அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். "ஏட்டி, போலீஸ் பள்ளிக்கூடத்துல இருந்து கடுதாசி வந்திருக்கு. என்ன களவாணித்தனம் பண்ணுனிய ரெண்டு பேரும்?" என்று எங்களை உட்கார வைத்து விசாரித்தார்கள். உன் ஏட்டையா தோற்றார்.

அக்கா, அந்த வழி வேலை செய்கிறது! பழகுநர் உரிமம் வந்துவிட்டது. ‘எல்’ ஒட்டிக்கொண்டு யூனிட் வரைக்கும் போகிறேன். "நாய் படுத்திருக்கு. ஆட்டோ திரும்புது. வேகத்தடை." இப்படியே போகிறேன். மஞ்சள் துணி வந்தால் "மஞ்சள் துணி" என்றும் சொல்லிவிடுகிறேன், சொன்னதும் அது என்னை விட்டுவிடுகிறது. முதல் நாள் அம்மா பின்னாலிருந்து தோளில் தட்டினார்.

"ஏ புள்ள, என்னத்த மொணமொணங்கறே? சாமி கீமி வந்துருச்சா?"

"இல்லம்மா, ரோட்டச் சொல்றேன்."

"ரோட்டுக்கு நீ சொல்லித்தான் தெரியோணுமாக்கும்."

இரண்டாவது வாரம் அம்மாவும் சேர்ந்துகொண்டார். "பஸ்ஸு வருது, அக்கட்டால போ" என்று எனக்கு முன்பே சொல்கிறார். யூனிட் வாசலில் பனியன் செக்கிங் பார்க்கும் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குக் கவலையில்லை. இதற்கு முன் ஒரு விஷயத்தில் இவ்வளவு முழுதாக மனசு வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

டாக்டரிடம் போவது பற்றி இன்னும் கேட்கவில்லை. தீபாவளி சரக்கு நெருக்கடியில் அப்பா யாரிடமும் பேசுவதில்லை.

அன்புடன்,
அனு


வேலூர்
5-10-2025

அன்பு அனு,

நலமாக இரு. இங்கே மழை தொடங்கிவிட்டது, சேற்றில் பரேடு.

நாய், ஆட்டோ, சித்தி எல்லாம் படித்துப் பக்கத்துக் கட்டில்காரி வரைக்கும் சிரித்தாள். ஆனால் இரண்டு விஷயம். பழகுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு சித்தியைப் பின்னால் ஏற்றக் கூடாது, அது சட்டம். ஊரில் எல்லோரும் ஏற்றுகிறார்கள் என்று எழுதாதே.

நான் கேட்டது இரண்டு கேள்வி. நீ ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய்.

வினிதா


பெருமாநல்லூர்
13-10-2025

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி? சேற்றில் வழுக்கி விழாதே.

பதில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். எழுதினால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

போன வாரம் பள்ளி இல்லாத ஒரு நாள், என்னை யூனிட்டுக்கு வரச் சொல்லிவிட்டு அம்மா முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். நான் ஊசி போட்டு, நேரமாகிவிட்டதென்று ஒரே ஒரு இட்லியைத் தின்றுவிட்டு வண்டியை எடுத்தேன். பெட்ரோல் பங்க் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது யூனிட் வாசல். நான்தான் ஓட்டி வந்திருக்கிறேன். நடுவில் நாலு ரோடு சந்திப்பு இருக்கிறது அக்கா. அதைத் தாண்டியது எனக்குத் தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, சாவியை எடுக்க விரல் வரவில்லை. யூனிட் வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த கடலை மிட்டாயை அள்ளித் தின்றேன். அம்மா பார்த்துவிட்டு, "பராக்குப் பாத்துட்டே வந்தியா?" என்றார். ஆமாம் என்றேன்.

எது பராக்கு, எது சர்க்கரை இறங்குவது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் உள்ளே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது. அதுதான் என் பயம்.

சர்க்கரை பார்க்கும் மிஷின் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. காலையில் ஒரு தடவை எடுத்துத் தருவார். அது வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. ஏனென்றால் சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டிலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் பேசலாம் என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். பேச்சைக் கொண்டுவந்தது மருதாள் அக்கா. நாலு ரோட்டில் பூக்கடை வைத்திருப்பவர். அவர் கண்ணில் மிஷின் பட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி. இந்த வருடம் என்னையும் ஆறு நாளும் விரதம் இருக்கச் சொல்கிறார் அம்மா, நோய் போவதற்காக. ராத்திரி மட்டும் பாலும் பழமும். ஊசியை நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதையும் அம்மா மறக்கவில்லை. "ஊசியும் தவறக் கூடாது, வெரதமும் தவறக் கூடாது" என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அம்மா அழுதால் எனக்குத் தாங்காது.

நீ சத்தியம் செய்திருக்கிறாய். மறந்துவிடாதே.

அனு


வேலூர்
17-10-2025

மதிப்பிற்குரிய கண்ணம்மாள் சித்திக்கு,

வினிதா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் யூனிட் முகவரிக்கு, உங்கள் பெயருக்கே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அனு எனக்கு எழுதுகிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அதை இப்போது மீறுகிறேன்.

அவள் நாலு ரோட்டை நினைவில்லாமல் தாண்டியிருக்கிறாள் சித்தி. அது பராக்கு இல்லை. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார். விரதத்தை அவளுக்கும் சேர்த்து நீங்களே இருந்துவிடுங்கள். முருகன் உங்களிடம் கணக்குக் கேட்க மாட்டான். அந்த ஆறு நாளும் வண்டிச் சாவியை அவளிடம் கொடுக்காதீர்கள்.

நான் சொல்வதைச் செய்ய உங்களுக்கு மனம் வராமல் போகலாம். அப்படியானால் இதை மட்டுமாவது செய்யுங்கள். பின்னால் உட்கார்ந்து அவள் வாயைக் கேட்டுக்கொண்டே வாருங்கள். முணுமுணுப்பு நின்றாலோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ உடனே வண்டியை நிறுத்த வேண்டும். அவளால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரை கொடுங்கள். கையில் எப்போதும் சர்க்கரை இருக்கட்டும்.

அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் மகள் போன்ற,
வினிதா


வேலூர்
9-11-2025

அன்பு அனு,

எப்படி இருக்கிறாய்? தீபாவளிக்கு என்ன துணி? சஷ்டி எல்லாம் நல்லபடியாக முடிந்ததா?

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். சித்தப்பா, "எல்லாரும் நல்லாருக்கறாங்க கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் கூடப் போடவில்லை. சித்தியின் குரலும் கேட்கவில்லை, உன் குரலும் கேட்கவில்லை.

இங்கே எட்டு வடிவில் ஜீப் ஓட்டுகிறோம். ஒரு கூம்பைத்தான் இடித்தேன். நீ சிரிப்பாய் என்று எழுதினேன்.

ஒரு வரி எழுது.

வினிதா


வேலூர்
27-11-2025

அனு,

நலமா? அதை மட்டும் சொல்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

அக்கா


பெருமாநல்லூர்
10-12-2025

வினி அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களையும் அபிராமி அப்போதே கொடுத்துவிட்டாள். பதில் எழுதப் பிடிக்கவில்லை.

உனக்குத் தெரிய வேண்டியதை எழுதுகிறேன். இதில் பாதி அம்மா சொன்னது, ஏனென்றால் பாதி நேரம் நான் அங்கே இல்லை.

சஷ்டியின் நாலாம் நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போன வேலையாட்கள் திரும்பவில்லை. அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கி நின்றதால் அம்மாவே தையல் மிஷினில் உட்கார வேண்டியிருந்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டேன். தண்ணீர் மட்டும் குடித்தேன். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று, "பஸ்ஸுலயே போயிரலாமா கண்ணு?" என்று கேட்டார். எப்போதும் அப்படிக் கேட்க மாட்டார். எனக்குக் கோபம் வந்தது, நன்றாக ஓட்டுகிறேனே, இன்னும் நம்பவில்லையா என்று. ஏறச் சொன்னேன்.

"பள்ளம். சைக்கிள். பச்சைப் பஸ் வருது" என்று சொன்னேனாம். அப்புறமும் பச்சைப் பஸ் வருது. மறுபடியும் பச்சைப் பஸ் வருது. ரோட்டில் பஸ்ஸே இல்லையாம். அம்மா தோளில் அடித்து, "நிறுத்து சாமி, நிறுத்து" என்று கத்தினார். என் காதில் விழவில்லை. நேர் எதிரே மருதாள் அக்காவின் பூக்கடை. மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து சஷ்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பின்னாலிருந்து என்மேல் கவிழ்ந்து, எட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி அப்படியே சாய்ந்தது. அம்மாவின் இடது கை அதன் அடியில் இருந்தது. ஒரு கூடை சாமந்தியைத்தான் நசுக்கினேன். அந்தப் பெண்கள் எழுந்து ஓடக்கூட நேரமில்லை அக்கா.

கூட்டம் கூடியது. "வலிப்பு போல, சாவியக் கையில குடுங்க" என்று ஒருவர் இரும்புச் சாவியை என் கைக்குள் திணித்தார். மருதாள் அக்கா ஓடி வந்து, "அட வெரதம் இருக்கற புள்ளைங்க, பசி மயக்கம். சித்தே மடியில சாச்சு வெச்சாத் தெளிஞ்சிரும்" என்றார்.

அம்மாவுக்கு அது போதும். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சோமனூர்ப் பேச்சும் நின்றிருக்காது. சஷ்டியில் மயங்கிய பெண் என்று நல்ல பேர்கூட வந்திருக்கும்.

"இல்லீங்க" என்று அம்மா கத்தினாராம். "மயக்கமில்லீங்க. எம்புள்ளைக்குச் சர்க்கர வியாதிங்க. ஊசி போட்டிருக்கறா. ஆராச்சும் சர்க்கர குடுங்க!"

டீக்கடையில் நின்ற வடக்கத்திப் பையன்களுக்கு அம்மா சொன்னது புரிந்ததோ என்னவோ, ஒருவன் சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா முடிந்துவைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் விழுந்ததில் ரோட்டில் கொட்டிவிட்டது. "முழுங்கு கண்ணு, முழுங்கறயா?" என்று கேட்டு, நான் விழுங்கியதைப் பார்த்தபிறகு மறுபடி மறுபடி கொடுத்தார். எனக்கு ஞாபகம் இருக்கும் முதல் விஷயம் அந்த இனிப்பு. இரண்டாவது, அம்மாவின் கை வேறொருவர் கை மாதிரித் திரும்பிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பொட்டலம் எதற்கு முடிந்து வைத்தீர்கள் என்று அங்கேதான் கேட்டேன். அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு நாளா வெச்சிருந்தேன். நாலஞ்சு நாள்தானே, முருகன் பாத்துக்குவான்னு நெனச்சேன். ஆனா உன்ற வாயையே கேட்டுட்டு வந்தேன்" என்றார்.

நீ சத்தியத்தை மீறிவிட்டாய். மருதாள் அக்கா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அப்பா ஒரு வாரம் அம்மாவிடம் பேசவில்லை. அவர் சாப்பிடாமல் விட்டுப்போன சோற்றை அம்மா ஒற்றைக் கையால் மூடி வைத்தார். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். நீ எழுதாமல் இருந்திருந்தால் அம்மா என் முணுமுணுப்பைக் கேட்டிருக்க மாட்டார் என்பதையும் யோசிக்கிறேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

எழுத வேண்டுமென்றால் எழுது.

அனு


வேலூர்
20-12-2025

அன்பு அனு,

சித்தியின் கை கூடிவிட்டதா? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று மைதானத்துக்குத் தாமதமாகப் போனேன், தண்டனையாகச் சுற்றி ஓடவிட்டார்கள். ஓடும்போது அழுதால் யாருக்கும் தெரியாது.

சத்தியத்தை மீறினேன். முன்பே மீறியிருந்தால் சித்தியின் கை உடைந்திருக்காது. இனி எனக்கு எழுதும்போது ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எழுதாதே. என்னால் முடியாது.

டாக்டர் என்ன சொல்கிறார்? வண்டி என்ன ஆயிற்று? கோபத்தோடேயே எழுது, பரவாயில்லை.

அக்கா


பெருமாநல்லூர்
2-2-2026

அன்புள்ள வினி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில் எழுதுகிறேன். எதிரே அம்மா பீஸ்களில் நூல் வெட்டிக்கொண்டிருக்கிறார். கை கூடிவிட்டது, குளிருக்கு மட்டும் வலிக்கிறதாம். "வினிதாவ நல்லாக் கேட்டதா எழுது. பொங்கலுக்கு வரலைன்னு வருத்தம்னும் எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

கோவைக்குப் போகாமல் இந்த முறை திருப்பூரிலேயே ஒரு டாக்டரிடம் போனோம். வரிசையில் எங்கள் யூனிட் ஆட்களே மூன்று பேர் இருந்தார்கள். அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் அவர்களில் ஒருவரே, "எனக்கும் சர்க்கரதானுங்க மொதலாளி" என்றதும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். ஊசி அளவை மாற்றினார். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், எனக்கு நூறுக்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடக் கூடாது, லேசாக நடுங்கினாலும் ஓரமாக நிறுத்திச் சர்க்கரை தின்ன வேண்டும், சரியானாலும் உடனே கிளம்பக் கூடாது என்றார். கவனக் குறைபாட்டுக்கு வேறு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் போகிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். உன் ஏட்டையாவின் வழியைச் சொன்னேன், அந்த டாக்டர் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதமும் அம்மா பஸ்ஸில்தான் போனார். ஸ்கூட்டர் மேல் அப்பா ஒரு ரிஜெக்ட் துணியைப் போர்த்தி வைத்தார். விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலை பிரிட்ஜைத் திறந்தவர், "இதப் போயி எதுக்குக் காப்பித்தூள் டப்பாவுல வெக்கறீங்க? காப்பி போடறேன்னு நாந்தான் ஏமாந்து போறேன்" என்று இன்சுலினை எடுத்து முட்டை வைக்கும் தட்டில் வைத்தார். அவ்வளவுதான் பேசினார். அன்று மாலை துணியை எடுத்துவிட்டு வண்டிக்குக் காற்று அடித்து வந்தார்.

போன புதன்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று இருந்ததை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சான்றிதழை நானே நீட்டினேன். கால் நடுங்கியது, பயத்தில்தான், சர்க்கரையை முன்பே பார்த்துவிட்டேன். அதிகாரி படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், எட்டுப் போடச் சொன்னார். "இடது வளைவு. கூம்பு. மெதுவா. வலது வளைவு" என்று சொல்லிக்கொண்டே போட்டேன்.

"யாருகூடம்மா பேசற?"

"எங்கூடத்தானுங்க."

"அப்படியே பேசிட்டுப் போ" என்று கையெழுத்துப் போட்டார்.

நேற்று தைப்பூசம். அம்மா விரதம், எனக்கும் சேர்த்து. நான் அவர் எதிரிலேயே மூன்று இட்லி தின்றேன். அம்மா நான்காவதையும் வைத்தார். கோயிலுக்குக் கிளம்பினோம். வாசலில் வண்டியை நிறுத்தி, மிஷினை எடுத்து விரலைக் குத்தினேன். தெருவில்தான் அக்கா. எதிர்வீட்டுச் சென்னம்மாள் அக்கா கோலத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பழைய வழக்கத்தில் கை தானாகத் துப்பட்டாவுக்குள் போனது. அதற்குள் அம்மா படியில் நின்றபடி, தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில் கேட்டார்.

"எத்தன கண்ணு?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டும்மா."

"ஏனுங்க கண்ணம்மா, டஜனுக்குங்களா?" என்றார் சென்னம்மாள் அக்கா. இந்த ஊரில் எண்ணைக் கேட்டால் பனியன் விலைதான் ஞாபகம் வரும்.

"டஜனுக்கு இல்லீங்க" என்றார் அம்மா, சேலையைச் செருகிக்கொண்டு. "எம்புள்ள ரத்தத்துல சர்க்கரைங்க. நூறுக்கு மேல இருந்தாத்தான் வண்டி எடுப்போம்."

பின்னால் ஏறி உட்கார்ந்தார். கூடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, கூடிய கையால் என் தோளைப் பிடித்தார். இல்லை, இரண்டும் கூடிய கைதான் இப்போது, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

"சொல்லு" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "சென்னம்மாள் அக்கா நிக்கறாங்க. கையில கோலப் பொடி. ரெண்டு பக்கமும் வண்டி இல்ல. கெளம்பறோம்."

நீ லீவில் வரும்போது பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். ஹெல்மெட் இரண்டு இருக்கிறது. பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு.

உன் தங்கை,
அனுப்ரியா